அக்கா காய்ச்சிய சீயக்காய்

கெலுகோர் வீட்டு அடுப்பில் என் மனைவி சீயக்காயும் பூந்திக்கொட்டையும் கொதிக்க வைத்திருந்தாள். வாடை வந்ததுமே எனக்குக் கண் எரிந்தது. பழைய பழக்கம்.

சின்ன வயதில், டத்தோ கிராமாட் வீட்டில் ஞாயிறுதோறும் அக்கா இதைக் காய்ச்சி, வடித்த கஞ்சியில் கலந்து என் தலையில் தேய்ப்பாள். செம்பருத்தி இலை பறித்துத் தருவதும் நான்தான்.

"அழாதடா தம்பி. என் முடி இதுலதான் இடுப்பு வரைக்கும் வளந்துச்சு லா."

வேதவாக்காக நம்பினேன். ஒருநாள் அவள் துணிகளுக்கு அடியில் பாதி தீர்ந்த ஷாம்பு போத்தல் கிடைத்தது.

"அப்ப எனக்கு மட்டும் ஏன்க்கா சீயக்காய்?"

"எனக்குக் கண்ணு எரியும்டா."

இப்போது அடுப்படிக்குப் போய், "யார் சொன்ன பக்குவம் இது?" என்று மனைவியைக் கேட்டேன்.

"உங்க அக்காதான். முடி கொட்டுறவங்களுக்கு நல்லதாம். வந்து உட்காருங்க லா."

மிச்சமிருந்த நாலு முடியோடு போய் உட்கார்ந்தேன். கண்ணை மட்டும் முன்கூட்டியே மூடிக்கொண்டேன்.