பூட்டைத் திறந்த எஸ்தர் அக்கா

காலை டியூட்டி மாறும் நேரத்தில்தான் செய்தி வந்தது. ஐ.சி.யு.வில் நோயாளிகளை அடுத்த ஷிப்டிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தோம். போனில் பேசிவிட்டு வந்த சுமதி, "எஸ்தர் மேடம் போயிட்டாங்க அக்கா" என்றாள். ஒப்படைப்பை முடித்துவிட்டுத்தான் அழுதோம். பாதியில் விட்டிருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்கும். அவரை அறிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தாம்பரத்தில் எங்கள் மருத்துவமனைக்கு அவர் நர்சிங் சூப்பிரண்டாக இருந்தபோது நான் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தேன். கல்லூரி முடித்து வரும் பெண்கள் சில மாதங்களில் வேறிடம் போய்விடுவார்கள். அவர்களை நிறுத்த அன்றைய நிர்வாகம் கண்ட வழி, அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் பூட்டுவது. அதைக் கைவிடும்படி கூட்டத்தில் எழுந்து கேட்டவர் எஸ்தர் அக்கா.

"சர்டிபிகேட்டைப் புடிச்சு வச்சா ஆளு நிக்கும் சார். மனசு நிக்காது. பேஷன்ட்டைப் பாக்குறது மனசுதானே?"

புதிதாகச் சேருபவர்களுக்கு ஊக்கத்தொகை, மேற்படிப்புக்குக் கட்டணம், வகுப்பு நாளுக்கு ஏற்ற டியூட்டி என்று அவர் கேட்டார். மேலாளர் சிரித்தார். "நம்ம காசுல படிச்சிட்டு ஃபாரின் போயிடுவாங்க மேடம்."

"இப்பவும் போய்க்கினுதானே இருக்காங்க? ஒரு வருஷம் விட்டுப் பாருங்க. சரிவரலைன்னா என் சீட்டை நீங்க எடுத்துக்கோங்க."

அவருடைய பிள்ளைகள் இருவரும் அப்போது படித்துக்கொண்டிருந்தார்கள். வீடு நடந்ததே அந்த வேலையால்தான். தெரிந்துதான் சொன்னார். ஒரு வருடத்துக்கு என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது. பீரோ திறந்தது. சான்றிதழ்களை அவரே ஒவ்வொரு பெண்ணின் கையிலும் கொடுத்தார்.

அந்த வருடம் முடியும் முன்பே சோதனை வந்தது. எங்கள் செலவில் படித்துக்கொண்டிருந்த ஊரப்பாக்கத்து ரேவதிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. அவள் அழுதுகொண்டே வந்து நின்றாள். "நான் போனா உங்களுக்குப் பிரச்சினை ஆயிடும் மேடம்."

"அதை நான் பாத்துக்கறேன். நீ நல்ல கோட்டு ஒண்ணு வாங்கு, அங்க குளிரும்."

அவருடைய பதவி போய்விடும் என்றே நான் நினைத்தேன். ஆனால் ரேவதியைச் சிரித்த முகத்தோடு வழியனுப்பியதை மற்றப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பிறகு அந்த வருடம் ஒருத்தியும் விலகவில்லை. தோழிகளிடமும் சொன்னார்கள். அடுத்த நேர்முகத் தேர்வன்று ஜி.எஸ்.டி. சாலை வரை வரிசை நின்றது. அன்று சிரித்த மேலாளர் அக்காவைத் தேடி வந்தார். "மேடம், உட்கார வைக்க சேர் பத்தல."

"கேன்டீன்ல இருந்து எடுத்துக்கினு வரச் சொல்லுங்க சார்" என்றார் அக்கா. அவர் நடையில் அன்று ஒரு மிடுக்கு இருந்தது. மறைக்கவும் முயலவில்லை.

அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது. அதில் படித்தவர்கள் இன்று எங்கள் வார்டுகளை நடத்துகிறார்கள். சிலர் கல்லூரிகளில் பாடம் எடுக்கிறார்கள். அடக்கத்துக்கு அவர்களில் பலர் வந்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் பதவியைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார்கள். துக்க வீட்டில் எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் ஓய்வு பெற்றபின் அந்த நாற்காலியில் நான் இருக்கிறேன். புதிதாக வருபவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வியை மட்டும் எனக்கென்று வைத்துக்கொண்டேன். போன வாரம் கேளம்பாக்கத்திலிருந்து வந்த பெண்ணிடமும் அதையே கேட்டேன்.

"அடுத்து என்னம்மா படிக்கப் போற?"

"முதல்ல வேலை கிடைக்கட்டும் மேடம்."

"கிடைச்சாச்சு. இப்ப சொல்லு."