பாடு இல்லை

பகல் 1.40. சென்னை சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்தேன். எண்ணூருக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். ஒரே ஒரு கேள்வியோடு போகிறேன். கேட்டவர் செனகல் நாட்டுக்காரர். பதில் எண்ணூர்க் கழிமுகத்தில் இருக்கிறது. நடுவில் முழித்துக்கொண்டிருப்பவன் நான்.

பொருளியல் ஆய்வாளர்களுக்கு நாடு கடந்த வலையமைப்புகள் உண்டு. நான் இருப்பது அவற்றில் ஒன்று, சின்னது. சம்பளம் கிடையாது. ஒருவர் எழுதிய கட்டுரையை வேறு கண்டத்தில் இருக்கும் இன்னொருவர் வரிவரியாகக் குடைவார். தேறினால் எல்லோரும் கணினித் திரையில் கூடி விவாதிப்போம். கட்டுரை தொடும் துறையில் கொள்கை வகுக்கும் அதிகாரியையும் அழைப்போம். நாளை மாலை நான்கு மணிக்கு என் கட்டுரையின் முறை. கழிமுகத்தில் கையால் இறால் பிடிப்பவர்கள் வாரத்தில் பாதி நாளுக்கு மேல் வேலைக்கே போவதில்லை, தொழிலைத் தாமாகவே விட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஆகவே ஆற்றைச் சீராக்குவதைவிட அவர்களுக்கு வேறு பயிற்சி தருவதே மேல் என்பது அதன் முடிவு. எழுதி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

கட்டுரையைப் படித்த செனகல் அம்மையார் நேற்று ஒரு குறிப்பு அனுப்பினார். "வேலை இல்லை என்று அவர்களே சொன்னார்களா? எந்தச் சொல்லால் சொன்னார்கள்?" எனக்கு எரிச்சல்தான் வந்தது. எனக்காகக் கழிமுகத்தில் கணக்கெடுத்தவர்களின் படிவங்களைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் ஒரே பதில்: 'பாடு இல்லை'. நான் ஈரோட்டுக்காரன். பாடுபடுவது என்றால் எங்களுக்கு உழைப்பது. பாடு இல்லையென்றால் உழைப்பு இல்லை, வேலை இல்லை. இதில் என்ன சந்தேகம்? ஆனாலும் மனசு ஒப்பவில்லை. தரமணி அலுவலகத்தில் ஓராண்டு உட்கார்ந்து கணக்குப் போட்டவன், கழிமுகத்துக்கு ஒருமுறைகூடப் போனதில்லை.

பேசின் பிரிட்ஜ் தாண்டி, கொருக்குப்பேட்டையில் சரக்கு வண்டிக்கு வழிவிட்டுக் கால் மணி நேரம் நின்றோம். திருவொற்றியூரில் கூட்டம் இறங்கியது. எண்ணூர் வந்தபோது 2.45.

ஷேர் ஆட்டோவில் முகத்துவாரத்துக்கு இருபது ரூபாய். ஓட்டுநர் என் பையைப் பார்த்தார்.

"இன்னா சார், கம்பெனி வேலையா?"

"இல்லைங்க. கையில இறால் புடிக்கிறவங்களப் பாக்கோணும்."

"தண்ணி வத்திகினு கீது, இந்நேரம் எறங்கிருப்பாங்க. எறா வாங்கலாம்னு போவாத நைனா. பாடே இல்ல."

அவர் சொன்னதையும் என் ஊர் அர்த்தத்திலேயே புரிந்துகொண்டு தலையாட்டினேன்.

3.10. கரையில் இறங்கினேன். தண்ணீருக்கு மேல் ஏழெட்டுத் தலைகள் மட்டும் தெரிந்தன. எல்லோர் வாயிலும் ஓலையில் முடைந்த ஒரு கூடை. பறி என்கிறார்கள். இரண்டு கையும் அடிச்சேற்றைத் தடவுவதால் பறியைப் பல்லில் கவ்விக்கொள்கிறார்கள். அக்கரையில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். தண்ணீரில் சாம்பல் நிறப் படலம். பேச்சுச் சத்தமே இல்லை.

அரை மணி கழித்து ஒரு பெண் கரையேறினார். ஐம்பது வயதிருக்கும். பெயர் செல்வி என்றார். கழுத்துவரை சேறு. பறியில் நான்கு இறால். கணக்கெடுப்பு பற்றிச் சொல்லிவிட்டு, படிவத்தில் இருந்த கேள்வியை அப்படியே கேட்டேன்.

"போன ஏழு நாள்ல எத்தன நாளுங்க வேலை?"

"ரெண்டு நாளு ஆப்டுச்சி. அஞ்சு நாளு பாடு இல்ல."

"அப்ப அந்த அஞ்சு நாளும் வீட்டுல இருந்தீங்களா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"இன்னா பேசற நீ? வூட்ல குந்திகினு இருந்தா பாடு இல்லன்னு எப்டித் தெரியும்? தினோந்தான் எறங்கறேன். தடவித் தடவி நகமே பூடுச்சி. கைல ஒண்ணும் மாட்டல. மாட்டுனா பாடு. மாட்டலன்னா பாடு இல்ல. இது தெரியாமயா எழுதிகினு போனீங்க?"

இந்தக் கரையில் பாடு என்றால் வலைக்கும் கைக்கும் கிடைத்தது. எங்கள் ஊரில் உழைப்பு. மிக அதிகமாக உழைத்து ஒன்றும் கிடைக்காத நாட்களை எல்லாம் நான் சும்மா இருந்த நாட்கள் என்று கணக்கில் ஏற்றியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அவரிடமே சொல்லிவிட்டேன்.

"நான் தப்பா எழுதிட்டனுங்க. நீங்களாவே தொழில விட்டுட்டீங்கன்னு."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. ஆற்றைப் பார்த்தபடி, "உட்டுட்டோம்னு எழுதிட்டா, இத்த யாரு க்ளீன் பண்ணுவான்?" என்றார்.

பறியை அலசிக்கொண்டே, தப்பை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். செனகல் அம்மையாரைப் பற்றிச் சொன்னேன்.

"அந்தம்மா ஊர்லயும் பொம்பளைங்க எறங்குதா?"

"சிப்பி எடுக்க இறங்குவாங்களாமுங்க."

"அதான் கரீட்டா கேட்டுகீது. எப்போ பேசப் போறீங்கோ?"

"நாளைக்கு நாலு மணிக்கு. நீங்களும் போன்ல வந்து ரெண்டு வார்த்த சொல்றீங்களா?"

"நாலு மணிக்கா? அப்போ தண்ணில இருப்பேனே" என்றவர், பறியைக் கவ்விக்கொண்டு மறுபடி இறங்கிவிட்டார்.

5.20. திரும்பும் வண்டி. கட்டுரையை விலக்கிக்கொள்வதாக ஒருங்கிணைப்பாளருக்கு எழுதினேன். கொருக்குப்பேட்டையில் பதில் வந்தது. "விலக்க வேண்டாம். நாளை அந்தப் பிழையையே விவாதிப்போம்." இத்தனை நாளும் அந்த வலையமைப்பு என் முடிவுகளுக்குக் கைதட்டத்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் நான்கு மணி. திரையில் பதினோரு முகங்கள். எண்ணூரில் கேட்டதைச் சொல்லி முடித்ததும் அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் எழுதியதை நம்பி, தொழிலை விட்டுவிட்டார்கள் என்ற வரியைக் கோப்பில் சேர்த்துவிட்டேனே?" என்றார்.

"எடுத்துவிடுங்கள் சார். தப்பு என்னுடையது. அவர்கள் தொழிலை விடவில்லை. இன்றைக்கும் போயிருக்கிறார்கள்."

"இன்றைக்கா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு இருபது. செல்வி கழுத்தளவு தண்ணீரில் இருப்பார். வாயில் பறி இருக்கும்; பேச முடியாது.