ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம்

பெர்சிஸ் பிடிவாதக்காரி. அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நான்காவதைக் காட்டினாலும் ஒட்டவைத்தது என்பாள். உபதேசியார் மகள் வேறு. வேதப் புத்தகத்தை நாளுக்கு ஓர் அதிகாரம்தான் வாசிக்க வேண்டும், முன்னால் தாவக் கூடாது, கடைசிப் பக்கத்தைப் புரட்டக் கூடாது என்று அடித்து வளர்க்கப்பட்டவள். அந்தச் சட்டத்தைக் கொண்டுபோய் ஒரு கதைப் புத்தகத்தின் தலையிலும் கட்டினாள் பாருங்கள், அங்கே வந்தது வினை.

புத்தகம் அவள் கணவர் ரூபஸ் வாங்கியது. அரக்கோணத்தில் முப்பத்து நான்கு வருஷம் ரயில்வே வேலை பார்த்தவர், ஓய்வுபெற்றதும் படிக்கலாமென்று வாங்கிவைத்த சரித்திர நாவல். மூன்று பாகம், ஒவ்வொன்றும் செங்கல் கனம். நம் காலத்து இன்ஜினீயர் ஒருவன் ஏரி மதகை அளக்க இறங்கி, பல்லவர் காலத்தில் போய் விழுகிறான். இங்கே அவன் பெண்டாட்டி சோறு ஆக்கிவைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். ரூபஸ் முதல் பக்கத்தைத் திறப்பதற்குள் சர்க்கரை அவர் கண்ணைக் கொண்டுபோனது. அப்புறம் கிட்னி. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் திருத்தணி வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சாயங்கால ஜெபம் முடிந்ததும் பெர்சிஸ் வாசிப்பாள். மலையில் கிருத்திகைக் கூட்டம் அரோகரா போடும் நாட்களில் குரலை உயர்த்தி வாசிப்பாள்.

"இன்னா பெர்சி, இதுக்கும் ஆமென் சொல்லணுமா?" என்று ரூபஸ் சீண்டுவார்.

மொத்தம் நூற்றுப் பதினெட்டு அதிகாரம். கதை முடிகிறவரைக்கும் இவரை விட்டுவையும் என்று கர்த்தரோடு அவள் ரகசியமாக ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தாள். அதனால்தான் ஒருநாளும் ஓர் அதிகாரத்துக்கு மேல் போகவில்லை. பேதை!

தொண்ணூற்றாறாவது அதிகாரத்தின் முடிவில் இன்ஜினீயர் மறுபடி மதகுக்குள் இறங்கினான். ரூபஸ் அவள் கையைத் தடவிப் பிடித்தார்.

"அவன் வூட்டுக்கு வந்துடுவானா? அத்த மட்டும் பாத்துச் சொல்லேன்."

"நாளைக்குப் படிக்கிறேங்க."

"நாளைக்கு நான் இருக்கணுமே. பொரட்டிப் பாரேன், இன்னா கொறஞ்சிடப் போவுது?"

"அதெல்லாம் கூடாது. இன்னும் இருவத்திரெண்டு நாள் கீது. சும்மா படுங்க."

"ஆங்" என்று ரூபஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். விடிந்து அவள் காபியோடு போனபோது உடம்பு சில்லிட்டுக் கிடந்தது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் புத்தகத்தைத் திறந்தாள். கடைசிப் பக்கம்வரை போகவே வேண்டியிருக்கவில்லை. அடுத்த அதிகாரத்தின் முதல் நாலு வரியில் அவன் மதகின் மறுபக்கம் ஏறினான், ஈரத்துணியோடு வந்து கதவைத் தட்டினான், பெண்டாட்டி திறந்தாள். மீதி அத்தனை அதிகாரமும் அவன் பட்ட பாட்டை அவளுக்குச் சொல்வதுதான். பெர்சிஸ் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கதையில் வருகிறவன் ஆயிரத்துச் சொச்சம் வருஷம் போய்த் திரும்புகிறான்; இவளுக்கு வேண்டியதோ ஒரே ஒரு சாயங்காலம். அதற்கு வழியில்லை.

ஆறுதல் சொல்லப் போதகர் வந்தார்.

"அழாதீங்கம்மா. அவரு கர்த்தர்கிட்ட நிம்மதியா போய்ச் சேர்ந்துட்டாரு."

"நிம்மதியா எங்க ஐயா போனாரு?" என்றாள் பெர்சிஸ். "நாலு வரி கேட்டாரு. நான் படிக்கல."