4.10 மணிக்குப் பதிவான மூன்றாம் குரல்

நடந்ததைத்தான் எழுதுகிறேன். சந்தேகப்படுகிறவர்கள் என் ஆய்வேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பார்க்கலாம். அங்கே ஒரு பெயருக்கான இடம் இன்னும் வெற்றாகவே இருக்கிறது.

எங்கள் ஊர் அமெரிக்காவில், டென்னசி மாநிலத்தின் மலையடிவாரம். 1928 ஆகஸ்டில் ஓர் இசைத்தட்டு நிறுவனம் இங்கே வந்தது. மரச்சாமான் கடையின் மாடியில் எதிரொலியை அடக்கப் போர்வைகளைத் தொங்கவிட்டு, மலைக்காரர்களைப் பாடவைத்துப் பதிவு செய்தது. கன்ட்ரி என்னும் அமெரிக்க நாட்டுப்புற இசை பிறந்த நாள்களில் அதுவும் ஒன்று. அன்று பதிவான ஒரு தட்டில் 'ஸ்டிட்ஹம் சகோதரர்கள்' என்று மட்டுமே அச்சாகியிருக்கிறது. ஆனால் பாட்டில் மூன்றாவதாக ஒரு பெண்குரல் கேட்கிறது. அவள் பெயரைக் கண்டுபிடிப்பதே என் ஆய்வு. ஐந்து மாதம் தேடியும் பயனில்லை. ஏட்டை ஒப்படைக்க ஒன்பது நாள்தான் இருந்தது.

அதே மாடிதான் இப்போது காப்பகம். மார்ச் 6, பிற்பகல் 3.52. தட்டைச் சுழலவிட்டேன்.

டக்... டக்... டக்...

பாட்டின் அடியில் குதிகால் தட்டும் ஓசை. இதுவரை கேட்டிராத ஓசை. பெண்குரலையே அது மறைத்தது.

"மிஸ்டர் ஹார்லன்! ஊசி கெட்டுப்போச்சா?"

காப்பாளர் சோளரொட்டியை மென்றபடி எட்டிப் பார்த்தார். "ஊசி நல்லாத்தான் இருக்கு கண்ணு. அஞ்சு மாசமா ஒரே பாட்டைக் கேட்டா எனக்கும்தான் காதுக்குள்ள குதிரை ஓடும்."

"காதுல இல்ல. தட்டுல!"

"அப்பத் தலையணையைப் போடு. மலைக்காரங்களுக்குக் காலைத் தட்டாமப் பாட வராது. சத்தம் பதிவாயிடும்னு அந்தக் காலத்துல காலடியில தலையணை போடுவாங்க."

சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார்.

மறுபடி ஓடவிட்டேன். ஓசை இன்னும் பலத்தது. 4.03. எரிச்சலில் ஊசியைத் தூக்கினேன். பாட்டு நின்றது.

டக்... டக்...

அது நிற்கவில்லை.

என் இடப்பக்கம். காலி நாற்காலி. அதன் கீழே.

பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. முதுகுக்கு வைத்திருந்த தலையணையை உருவி, அந்த நாற்காலியின் முன் எறிந்தேன். "போதும்!"

தொப்... தொப்...

ஓசை அமுங்கியது.

தலையணையின் நடுவே ஒரு குழி. விழுந்தது... எழுந்தது... விழுந்தது...

நின்றது.

4.10.

"இப்பப் பாடலாமா?"

பெண்குரல். என் காதருகே.

ஓடினேன்.

மூன்றாம் நாள் ஹார்லன் அழைத்தார். "உன் ஆளு கிடைச்சிட்டா கண்ணு." முகத்தில் சிரிப்பே இல்லை.

நிறுவனத்தாரின் பதிவுக் குறிப்பேடு: 'ஆகஸ்ட் 9. மூத்தவன் மனைவி ஓர்ஃபா கால் தட்டுகிறாள். இருந்த ஒரே தலையணையும் கிழிந்துவிட்டது. 3.52-க்கு அவளை வெளியே அனுப்பினோம். 4.10-க்குச் சகோதரர் இருவர் மட்டும் பாடினர்; தட்டில் பதிவானது அதுவே.'

கூடவே மறுநாள் செய்தித்தாளின் ஒரு துண்டு. அழுதபடி வீட்டுக்குத் திரும்பிய ஓர்ஃபா ஸ்டிட்ஹம், ரயில் பாலத்தில் சரக்கு வண்டியில் அடிபட்டு, அந்த இடத்திலேயே இறந்தாள்.

மணி 4.03.

அவள் பெயர் கிடைத்துவிட்டது. பாடியது அவளல்ல என்பதற்கான சான்றும் அதே தாள்களில்தான் இருக்கிறது.

ஆனால் தட்டில் பாடுவது மூன்று பேர்.