எங்கள் அக்காவின் மழைநாள் முகம்

கர்த்தருக்குள் இளைப்பாறும் எங்கள் அக்காவைப் பற்றி, அவருடைய முதலாம் ஆண்டு நினைவு நாளில் தம்பியாகிய நான் எழுதுகிறேன். அதிகம் படித்தவனல்ல. குறை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா தெஹியோவிட்டவுக்கு மேலேயுள்ள ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பெற்றோர் சீக்கிரமே போய்விட்டதால் சிறு வயதிலேயே பால்வெட்டுக் கத்தியைக் கையில் எடுத்தார். மச்சான் காலமான பின் மகனைத் தனியாக வளர்த்து ஆளாக்கினார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்குச் சுகமில்லை என்றாலும் கஞ்சிப் பானையோடு முதலில் போய் நிற்பது அக்காதான்.

ஆனால் மழை வந்தால் அவர் முகம் மாறிவிடும். இதை நான் மறைத்து எழுதினால் அக்காவுக்கே பிடிக்காது. மழையில் பால் வெட்ட முடியாது, அன்றைய பேர் விழாது, சம்பளமும் கிடையாது. அதனால் மழைநாளில் எங்கள் தோட்டத்தில் எல்லா வீட்டிலும் எரிச்சல்தான். அக்காவுக்கும் அதுதான் என்று இருந்துவிட்டோம். வேலையை விட்ட பிறகும் அது மாறவில்லை. "கத்தியக் கீழ வச்சும் உங்க அக்காவுக்குப் பேரு போன கவல தீரலியே!" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேலி செய்வார். நாங்களும் சிரிப்போம்.

அந்தக் கோபம் முழுவதும் மருமகள் மேல் விழுந்தது. கைக்குழந்தையோடு இருந்த அவள் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள். "நேத்து சோறு வெறச்சிருக்குன்னீங்க, இன்னைக்குக் கொழஞ்சிருக்குங்கிறீங்க. நான் எந்தச் சோத்த ஆக்குறது மாமி?"

"ஒங்கம்மா வீட்டுல போய்க் கேட்டுட்டு வா!"

அவள் எம்பிலிப்பிட்டியவிலுள்ள தாய்வீட்டுக்கே போய்விடுவதென்று துணிகளை அடுக்கத் தொடங்கினாள். மகன் இருவருக்கும் நடுவில் தவித்தான்.

அடுத்த நாள் திருவிருந்து ஞாயிறு. மனஸ்தாபத்தோடு அப்பத்தைத் தொடக்கூடாது என்பது எங்கள் சபை வழக்கம். அக்கா எழுந்து போகாமல் வாங்குப் பலகையிலேயே இருந்தார். ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"யாரு மேலம்மா கோவம்?"

"மருமக மேலதாங்க ஐயா."

"அவ என்ன செஞ்சா?"

அக்கா யோசித்தார். "ஒண்ணும் ஞாபகம் வரலீங்களே ஐயா."

"அப்ப கோவம் அவ மேல இல்லம்மா. அது எங்க இருந்து வருதுன்னு ஆண்டவர்கிட்டயே கேளுங்க. வேதத்துல, கோவப்பட்டவன அவரு வெரட்டல, ஏன்னுதான் மொதல்ல கேட்டாரு."

அன்று மருமகளைப் பஸ் ஏற்றிவிட நானும் அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். அக்கா முழங்காலில் நின்று ஜெபித்தார். தகரத்தில் மழை விழத் தொடங்கியது. சடாரென்று கண்ணைத் திறந்தவர், மண்மேட்டுப் பக்கத்துச் சுவரோரம் கட்டியிருந்த தொட்டிலையே பார்த்தார்.

அக்காவின் தலைப்பிள்ளை பழைய லயத்தில், இதுபோன்ற மழையில் மண் சரிந்து இறந்தது. அக்கா அப்போது பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அக்கா மருமகளிடம் போய், "சோறு நல்லாத்தான் இருந்துச்சு புள்ள. எனக்குப் பயம். அந்தத் தொட்டில முன்னுக்குக் கொண்டாந்து கட்டு" என்று சொல்லி அழுதார்.

மருமகள் பையைக் கீழே வைத்தாள். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே மாமி!"

"எனக்கே இப்பத்தானே தெரியுது."

அன்றே தொட்டில் முன் அறைக்கு வந்தது. அதன் பிறகும் மழைநாளில் அக்காவின் முகம் வாடும். ஆனால் ஏசமாட்டார். "ஆண்டவரே, இது பயம்" என்று பெயர் சொல்லி ஜெபிப்பார். மருமகள் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருப்பாள்.

அக்கா படுக்கையில் விழுந்தபோது ஆஸ்பத்திரிக்கு வேன் ஓட்டிய சிங்களச் சகோதரருக்கும், மாறி மாறிக் கண்விழித்த லயத்தாருக்கும், ஜெபித்த சபையாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கர்த்தர் உங்கள் வீடுகளை ஆசீர்வதிப்பாராக.

மருமகளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மழை பிடித்ததும், யாரும் சொல்லாமலே அக்காவின் கட்டிலையும் முன் அறைக்கு இழுத்தவள் அவள்தான். போதகர் ஐயா கடைசித் திருவிருந்தை அங்கேதான் கொண்டு வந்தார். வெளியே நல்ல மழை. அக்கா மருமகளின் கையைப் பிடித்தபடி அப்பத்தை வாங்கினார். முகம் தெளிவாக இருந்தது.