சூரியனிடம் மாப்பு கேட்க மாட்டேன்

என்னைப் பிடிவாதக்காரி என்று சொன்னவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. மிச்சம் இருப்பவர்கள் இன்றும் அதையேதான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தப் பட்டம் எனக்கு முதன்முதலில் எதற்காகக் கிடைத்தது என்று கேட்டால் ஒருவருக்கும் நினைவில்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சூரியனால் கிடைத்தது.

நாடு விடுதலை அடைந்த வருடத்துக் கோடை. விடுதலைக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன; எங்கள் பக்கம் திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆளுகையில் இருந்தது. திருவட்டாறிலிருந்து குலசேகரம் போகும் வழியில் எங்கள் வீடு. அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலையாக இருந்தார். வீட்டை ஆண்டவர் பெரியப்பா. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்த வகுப்புகளை எல்லாம் நான் படித்துத் தீர்த்துவிட்டேன். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் குழித்துறைக்குப் போக வேண்டும். அங்கே அம்மாவின் தங்கை வீட்டில் தங்கிப் படிக்கலாம் என்று அப்பா சொல்லியனுப்பியிருந்தார். பெரியப்பாவும் அரைமனதாகத் தலையை ஆட்டியிருந்தார். அந்த வயதில் அந்தத் தலையாட்டல் ஒன்றுதான் எனக்கிருந்த சொத்து.

நாங்கள் அய்யாவழிக்காரர்கள். நாங்கள் கூடி அய்யாவைக் கும்பிடுகிற தாங்கலில் சிலை கிடையாது. ஒரு கண்ணாடியும் அதன் இரண்டு பக்கமும் விளக்கும் இருக்கும். முன்னால் நிற்கிறவன் தன்னையே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வருடம் பழைய கண்ணாடி மங்கிவிட்டதால் நாகர்கோவிலிலிருந்து புதிதாக ஒரு நிலைக்கண்ணாடி வந்தது. சித்திரை முதல் ஞாயிற்றுக்கிழமை தாங்கலில் வைப்பதாக ஏற்பாடு. அதுவரை எங்கள் வீட்டு வராந்தாவில், கிழக்கே பார்த்து, கொஞ்சம் சாய்த்து வைத்திருந்தார்கள். கடைக்காரன் சுற்றிக் கொடுத்த தடித்த காகிதத்தைப் பிரிக்கவில்லை. பிரிக்கவும் கூடாது. தாங்கலில் விளக்கேற்றும் முன்னால் அந்தக் கண்ணாடியில் மனித முகம் விழக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். நான் பட்ட பாடு முழுவதும் இந்த வழக்கத்தால் வந்ததுதான்.

கட்டியிருந்த கயிறு உரசி, காகிதம் ஓரிடத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கிழிந்திருந்தது. காலை வெயில் அந்தக் கிழிசலில் பட்டுத் திரும்பி, நெல் காயப்போடுகிற அகன்ற முற்றத்தைத் தாண்டி, எதிரே இருந்த தேங்காய்ப் புரையின் வாசல் வழியாக உள்ளே போய்ப் பின்சுவரில் விழுந்தது. புரை என்றால் தேங்காய் போட்டு வைக்கும் கொட்டகை. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டாக இருக்கும். கிழிசல் கோணல்மாணலானது. ஆனால் சுவரில் விழுந்த வெளிச்சம், சின்னத் தட்டு அளவுக்கு, கோணல் இல்லாத வட்டம். அதன் ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி.

பார்த்தவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் ஓடிப்போய்ப் பெரியப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். அவர் புள்ளியைப் பார்த்தார், முற்றத்தின் அந்தப் பக்கம் இருந்த கண்ணாடியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

“ஏட்டி, கண்ணாடியச் சுரண்டினியா?”

“இல்ல பெரியப்பா.”

“கள்ளம் சொல்லாதே. அந்தக் கிழிசலுக்குள்ள ஆணிய விட்டு ரசத்தச் சுரண்டியிருக்கே. நாள் முழுக்க அதுக்கப் பக்கத்திலதானே இருக்கே.”

“ரசம் பின்பக்கம்லா இருக்கு. கிழிசல் முன்பக்கம். முன்ன சுரண்டினா பின்ன இருக்கிற ரசம் எப்பிடிப் போவும்?”

உள்ளதைச் சொன்னால் உடம்பெரிச்சல். நான் சொன்னது சரியா தவறா என்று அவர் யோசிக்கவே இல்லை. யாரிடம் இப்படிப் பேசுகிறேன் என்பதுதான் அவருக்குப் பெரிதாகப் போயிற்று. தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது. கண்ணாடி வைக்கும் அன்று நான் தாங்கலில் எல்லோர் முன்னாலும் நின்று, சுரண்டியது நான்தான் என்று ஒத்துக்கொண்டு மாப்பு கேட்க வேண்டும். கேட்காவிட்டால் குழித்துறை இல்லை. மன்னிப்பை எங்கள் பக்கம் மாப்பு என்போம். ஒரு சொல் சொன்னால் பள்ளிக்கூடம், சொல்லாவிட்டால் அடுப்படி. காகிதத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் முடிகிற காரியம். பிரிக்கத்தான் கூடாதே.

கேட்டிருந்தால் என்ன என்று பிற்காலத்தில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். செய்யாததைச் செய்தேன் என்று சொல்லி ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால், அங்கே போய் என்னத்தைப் படிப்பது?

எனக்கு அம்மாமேல்தான் ஆற்றாமை. எங்கள் வீட்டு முறைப்படி புருஷனின் அண்ணன் முன்னால் அவள் வந்து நிற்க மாட்டாள், பேச மாட்டாள். சொல்ல வேண்டியதைக் கதவுக்குப் பின்னால் நின்று பிள்ளைகள் வழியாகச் சொல்லியனுப்புவாள். அன்று அதுவும் இல்லை. ‘என் பிள்ளை செய்யமாட்டாள்’ என்று என் வழியாகவாவது சொல்லியனுப்பியிருக்கலாமே என்று நான் அவளிடம் சண்டை போட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “நீ கண்டது கண்டதுதானே மக்கா” என்றாள். அதோடு சரி.

மறுநாள் காலை புரைக்குப் போனால், என் சுவரில் அம்மாவின் வெள்ளை முண்டு ஒன்று குறுக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. வீடு பற்றி எரிகிறது, இவளுக்குத் துணி காயப்போட இடம் கிடைத்தது பார் என்று எனக்கு எரிச்சல் வந்தது. அதைப் பிடுங்கி எறியப் போன நேரத்தில் வெளிச்சம் வந்து முண்டின்மேல் விழுந்துவிட்டது. அப்போது பார்த்தேன். அது ஒரு புள்ளி அல்ல, ஒரு கூட்டம். வெல்லத்துண்டில் எறும்பு மொய்த்ததுபோல நீளமாகப் பரந்து கிடந்தது. அதோடு, நேற்று இருந்த இடத்தில் அது இல்லை. ஓரத்தை விட்டு நகர்ந்து உள்ளே வந்திருந்தது.

கண்ணாடியில் விழுந்த கீறல் நடக்குமா? இந்த ஒரு கேள்வி போதும் என்று நினைத்தேன். பெரியப்பாவுக்குப் போதவில்லை. சித்தப்பா சவரம் செய்கிற சின்னக் கண்ணாடியை, அவர் பாதிக் கன்னத்தில் சோப்போடு இருக்கும்போதே எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு பலா இலையில் துளை போட்டு அதன்மேல் வைத்து மூடினேன். பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் முக்காலியில் நிறுத்தி வெயிலைத் திருப்பினேன். முண்டில் இப்போது இரண்டு வட்டம், இரண்டிலும் அதே எறும்புக்கூட்டம். சித்தப்பா சோப்புக் கன்னத்தோடு வந்து பார்த்துவிட்டு, “அண்ணா, எனக்கக் கண்ணாடியிலயும் இருக்கு” என்றார்.

பெரியப்பா நிதானமாகத் தலையை ஆட்டினார். “அப்போ அதையும் சுரண்டிட்டா.”

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால். அந்த முயலைப் பெரியப்பா பிடித்த பிடி லேசான பிடி இல்லை. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழவில்லை. “புள்ளி கண்ணாடியில இல்ல. சூரியன்ல இருக்கு” என்று சொல்லிவிட்டேன்.

அதுதான் வினையாக முடிந்தது. சந்திரனுக்குக் களங்கம் உண்டு என்பது ஊரறிந்த விஷயம். சூரியனுக்குக் களங்கம் என்று யாராவது வாயால் சொல்வார்களா? செய்ததும் போதாது என்று பழியைத் தூக்கிச் சூரியன்மேல் போடுகிறாள் என்று பேச்சு பரவியது. இப்போது நான் தாங்கலில் மட்டுமல்ல, விடியற்காலையில் கிழக்கே பார்த்து நின்று சூரியனிடமும் மாப்பு கேட்க வேண்டும் என்றார் பெரியப்பா. முடியாது என்றேன். அதற்குப் புள்ளி இருக்கிறது, நான் எதற்கு அதனிடம் மாப்பு கேட்க வேண்டும்? அன்று முழுவதும் எனக்குச் சோறு கிடையாது என்று உத்தரவாயிற்று. மத்தியானம் உரலடியில் ஒரு கிண்ணம் கஞ்சியும் சுட்ட கருவாடும் யாரோ மறந்து வைத்தது மாதிரி இருந்தது. தின்றுவிட்டு மறுபடியும் முடியாது என்றேன்.

ஒவ்வொரு காலையும் புரைக்குப் போனேன். முண்டு அங்கேயே தொங்கியது. எறும்புக்கூட்டம் வட்டத்தின் நடுவுக்கு வந்து, பிறகு மறு ஓரம் நோக்கி நகர்ந்தது. ஓரத்தை நெருங்க நெருங்க அது ஒடுங்கியது. எனக்கு அதுதான் விளங்கவில்லை. தட்டில் நகர்கிற எறும்பு ஓரத்துக்குப் போனால் மெலிந்தா போகும்? புரையில் உரித்துப் போட்டிருந்த தேங்காய் ஒன்றை எடுத்து அடுப்புக்கரியால் ஒரு புள்ளி வைத்தேன். கையில் வைத்து மெதுவாகத் திருப்பினேன். நடுவில் அகலமாக இருந்த புள்ளி விளிம்புக்குப் போனதும் ஒடுங்கி, ஒரு கோடாகி, பின்பக்கம் போய் மறைந்தது. இன்னும் திருப்பினேன். எதிர் விளிம்பில் மறுபடியும் எட்டிப் பார்த்தது.

தேங்காயைக் கீழே போட்டுவிட்டுக் குதித்தேன். சூரியன் உருண்டை, அது சுற்றுகிறது. என் காலடியில் கிடந்த தேங்காய் சொல்லிவிட்டது.

சித்திரை முதல் ஞாயிறு வந்தபோது புள்ளி விளிம்பைத் தாண்டி மறைந்துபோயிருந்தது. தாங்கலில் விளக்கேற்றிக் காகிதத்தைப் பிரித்தார்கள். கண்ணாடியில் ஒரு தூசுகூட இல்லை. தலைப்பாகையோடு முன்னால் நின்ற பெரியப்பா கண் கலங்க, “அய்யா பொறுத்துட்டாரு. பிள்ளைக்கத் தப்ப மாத்திக் குடுத்துட்டாரு” என்றார். கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. இனி ஒத்துக்கொண்டு கும்பிட வேண்டியது ஒன்றுதான் பாக்கி. பெரியப்பா பரிவாகத்தான் கையை நீட்டிக் கூப்பிட்டார். அந்தப் பரிவுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“நான் சுரண்டவும் இல்ல, எனக்காக யாரும் பொறுக்கவும் வேண்டாம். புள்ளி சூரியனுக்கப் பின்பக்கம் போயிருக்கு. திரும்பி வரும்.”

பெரியப்பாவின் முகம் கறுத்தது. எல்லோரும் கேட்கும்படி சொன்னார்: “வந்தா நீ குழித்துறைக்குப் போ. வரல்லேன்னா இனி நம்ம வீட்டில படிப்புங்கிற பேச்சே இருக்கப்பிடாது.”

“சரி” என்றேன்.

தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, பிறகு வந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரிய கண்ணாடி போய்விட்டது. தினமும் சித்தப்பாவின் கண்ணாடிதான். அவர் சவரத்தை எனக்காகத் தள்ளிவைத்துவிட்டு, தாடியைச் சொறிந்துகொண்டு காத்திருந்தார். முண்டில் விழுந்த வட்டம் துடைத்து வைத்த கிண்ணம் மாதிரி வெறுமையாக இருந்தது. தேங்காயில் வைத்த புள்ளி கரிப்புள்ளி, அழியாது. சூரியனில் இருந்தது எதனால் ஆனது என்று எனக்கென்ன தெரியும்? பின்பக்கம் போனதும் அழிந்து போயிருந்தால்? அங்கே கரைந்தே போயிருந்தால் யார் வந்து எனக்குச் சாட்சி சொல்வார்கள்? எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை யாரிடமும் காட்டவில்லை.

ஒரு காலை, வட்டத்தின் பழைய ஓரத்தில், அது முதலில் தெரிந்த அதே பக்கத்தில், ஒரு கறுப்புக் கோடு. மறுநாள் அது அகன்றது. முன்பைவிடச் சின்னது, ஆனால் அதேதான். நான் பெரியப்பாவைக் கூப்பிடப் போகவில்லை. முற்றத்தில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி, “வந்தாச்சு” என்று மட்டும் சொன்னேன்.

அவர் வந்தார். புரைக்குள் குனிந்து நுழைந்து முண்டின் முன்னால் நின்றார். விரலை நீட்டி வட்டத்தைத் தொட்டார். புள்ளி அவர் நகத்தின்மேல் ஏறிக்கொண்டது. கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“பள்ளிக்கூடம் எப்பம் துறக்கும்?” என்றார்.

“மாப்பு கேளுங்க பெரியப்பா.”

“யாருகிட்ட? உன்கிட்டயா, சூரியன்கிட்டயா?”

“ரெண்டு பேருகிட்டயும்.”

அவர் கேட்கவில்லை. அதற்கெல்லாம் பிறந்த ஆள் அவர் இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் திறந்த அன்று என் பெட்டியைத் தன் தோளில் வைத்துக் குழித்துறை ஆற்றங்கரை வரைக்கும் நடந்து வந்தார்.

பிறகு நான் அதையே படித்தேன், அதையே வேலையாகவும் செய்தேன். வெகுகாலம் பெண்பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். சூரியனுக்குள் காந்தம் முறுக்கிக்கொண்டு, அடியிலிருந்து வரும் சூட்டைத் தடுக்கிற இடம்தான் அந்தப் புள்ளி. அது கறுப்பே இல்லை. அதுவும் கொதிக்கிற நெருப்புதான். பக்கத்து நெருப்பைவிடக் கொஞ்சம் மட்டு, அவ்வளவே. அதைத் தனியாகப் பிய்த்து ராத்திரி வானத்தில் வைத்தால் நிலா கூசிப்போகும். இதைச் சொல்லும்போதெல்லாம் என் கதையையும் சேர்த்துச் சொல்வேன். நான் ஒருத்தியாக நின்று ஒரு வீட்டையே ஜெயித்தேன் என்று கொஞ்சம் பீற்றிக்கொள்ளவும் செய்வேன்.

ஒருமுறை வகுப்பில் பிள்ளைகளுக்கு அதைக் காட்டலாம் என்று, கண்ணாடியைக் காகிதத்தால் மூடித் துளை போட்டு ஜன்னலில் வைத்தேன். சுவர் அழுக்காக இருந்தது. புள்ளி தெளிவாகத் தெரிய வேண்டுமே என்று ஒரு வெள்ளைத் துணியை எடுத்து ஆணியில் மாட்டப் போனேன். துணியின் நுனியைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. பிள்ளைகள் என்ன டீச்சர் என்றார்கள்.

அம்மா போய் அப்போது வெகு நாளாகியிருந்தது. வெயில் கொட்டிக் கிடக்கிற அவ்வளவு பெரிய முற்றத்தை விட்டுவிட்டு, துவைத்த முண்டை இருட்டுப் புரைக்குள் யார் காயப்போடுவார்கள்?