எழுத்து ஓடும் கண்ணாடி

டெய்லரக்காவின் மாப்பிள்ளையைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு உண்டு. புதுச் சாமான் எதுவானாலும் கடைக்கு வருவதற்கு முன்னால் அவர் வீட்டுக்கு வந்துவிடும் என்பார்கள். தரையைத் தானே பெருக்கும் வட்டப் பெட்டி வந்தது. அது கட்டிலுக்கடியில் மாட்டிக்கொண்டு கத்தோ கத்தென்று கத்தியது. நடையை எண்ணும் மோதிரம் வந்தது. மனிதர் நாற்காலியில் சாய்ந்தபடி கையாட்டிப் பேசியதையெல்லாம் அது நடையாக எண்ணி, தினமும் பாராட்டு வேறு அனுப்பியது. போன வருடம் தலையில் மாட்டும் ஹெட்செட் ஒன்று வந்தது. அதைப் போட்டால் கூடத்தின் நடுவே திமிங்கலம் நீந்துமாம். மாப்பிள்ளை திமிங்கலத்துக்கு வழிவிட்டுப் பின்னால் நகர்ந்தார், துணி அலமாரியில் மோதினார், தலை புடைக்க உட்கார்ந்தார்.

"இல்லாததப் பாக்கப் போய் இருக்கிறத விட்டுட்டாரு" என்று டெய்லரக்கா மகளிடம் சொன்னாள். அதில் என்ன தப்பு?

ஆகவே இந்த வருடம் அவர் ஒரு கண்ணாடியோடு வந்து நின்றபோது அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பார்ப்பதற்குச் சாதாரணக் கண்ணாடி மாதிரிதான் இருந்தது, காம்பு மட்டும் கொஞ்சம் தடிமன். அதிலிருந்து ஒரு ஒயர் இறங்கிச் சட்டைப்பையில் இருக்கும் போனுக்குப் போகும். எதிரில் இருப்பவர் பேசுவதைப் போன் கேட்டு எழுத்தாக்கும், அந்த எழுத்து கண்ணாடிக்குள் ஓடும். வெளிநாட்டுக்காரர்களோடு வேலை விஷயமாகப் பேசும்போது மொழிபெயர்த்துக் காட்டும் என்று அவர் வாங்கியது அது. அந்தக் கண்ணாடி தன் மாமியாருக்கு எதற்குப் பயன்படும் என்று மாப்பிள்ளைக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. ஏனென்றால் டெய்லரக்காவுக்குக் காது கேட்காது என்பதே யாருக்கும் தெரியாது.

நாற்பது வயதுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் போன காது. தையல் மிஷின் இரைச்சல் என்று முதலில் நினைத்தாள். மிஷினை நிறுத்திய பிறகும் உலகம் பஞ்சுக்குள் இருந்து பேசுவதுபோல இருந்தபோதுதான் புரிந்தது. காதும் காதும் வைத்தாற்போல் ஒரு காதுக்கருவி வாங்கிப் போட்டுப் பார்த்தாள். அது மனிதர் பேச்சை விட்டுவிட்டு மிஷின் சத்தத்தை மட்டும் மண்டைக்குள் கொண்டுபோய் இறக்கியது. அன்றோடு இந்த மாதிரிச் சாமான்கள் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கையும் போனது. சூடு கண்ட பூனை.

ஆனால் கெட்டிக்காரி. பெற்றோர் விட்டுப்போன வீட்டின் முன்னறைதான் அவள் கடை. வாடிக்கையாளர் உள்ளே வந்ததும் இரண்டு குண்டூசியை உதட்டில் கவ்விக்கொள்வாள். வாயில் ஊசி இருப்பவளிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. அளவுச் சட்டை கொண்டுவராமல் துணி எடுத்துக்கொள்ள மாட்டாள். "வாய் சொல்ற அளவு வேணாம், சட்டை சொல்லட்டும்" என்பாள். எவ்வளவு கறாரான டெய்லர் என்று ஊரே மெச்சியது. விஷயம் வேறு என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

வீட்டார் முன்னால் ஊசி உதவாது. அங்கே தலையாட்டினாள். யார் எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல். அண்ணி அவளுக்குத் தலையாட்டி என்றே பெயர் வைத்துவிட்டாள். அந்தப் பெயர்கூட அவள் காதில் விழவில்லை.

சரி, கண்ணாடிக்கு வருவோம். "ஒரே நிமிஷம் அத்தை, போட்டுப் பாருங்க" என்று மாப்பிள்ளை கெஞ்சினார். மாப்பிள்ளை மனம் கோணக் கூடாதே என்று போட்டுக்கொண்டாள். மகள் முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் திறந்திருந்தது. அந்த முதுகுக்குக் கீழே பச்சை எழுத்து ஓடியது: 'அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது விடுங்க.'

டெய்லரக்கா அதை இரண்டு முறை படித்தாள். முகத்தைப் பார்த்து உதட்டசைவைப் படிக்காமல் மகள் பேச்சு அவளுக்கு எட்டி வருடக்கணக்காகியிருந்தது.

"யார் சொன்னா பிடிக்காதுன்னு?" என்றாள்.

மகள் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். அம்மா முகத்தையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். பெண் பிள்ளைக்கு விஷயம் விளங்க எவ்வளவு நேரம் வேண்டும்? "அம்மா, உனக்குக் காது கேக்கலையா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியும் எழுத்தாக வந்தது. கண்ணில் நீர் நிறைந்து எழுத்து கலங்கியதால் அவளால் முழுதாகப் படிக்க முடியவில்லை. படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. இத்தனை நாள் ஒளித்து வைத்தது வெளியே வந்ததில் வெட்கத்தைவிட நிம்மதிதான் பெரிதாக இருந்தது. மாப்பிள்ளை, வாழ்க்கையில் முதல் முறையாக, தன் சாமானின் பெருமையை விளக்காமல் சும்மா நின்றார். கண்ணாடியையும் அதோடு சேர்ந்த போனையும் திரும்பக் கேட்கவும் இல்லை.

அது ஒன்றும் தங்கக்கட்டி இல்லை. மூக்கில் தழும்பு விழுந்தது. காம்பு சுட்டது. மத்தியானத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடும். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் ஒருவர் தலையை இன்னொருவர் உடம்பில் வைத்துத் தைத்ததுபோல வாக்கியம் வரும். பக்கத்து வீட்டு டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது, பொத்தான் பற்றிப் பேச வந்த ஒரு டீச்சரின் வாயிலிருந்து நாளை கடலோரத்தில் பலத்த காற்று வீசும் என்று வந்தது. டெய்லரக்கா திட்டுவாள், துடைப்பாள், மறுபடி மாட்டிக்கொள்வாள். தெருமுனை வரை நடந்துபோய் ஊர்ப் பேச்சையெல்லாம் படித்துவிட்டு வந்தாள். இத்தனை வருடம் தவறவிட்டது இவ்வளவுதானா என்று கொஞ்சம் ஏமாற்றம்கூட.

அப்போதுதான் அண்ணனும் அண்ணியும் தம்பியும் வரும் நாள் வந்தது. வருடத்துக்கு ஒருமுறை மூன்று பிள்ளைகளும் இந்த வீட்டில் கூடிச் சாப்பிடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் வீட்டைப் பற்றிய முடிவுகள் எடுக்கப்படும். மூவரும் சரி என்றால்தான் எதுவும் நடக்கும், ஒருவர் வேண்டாம் என்றாலும் வேண்டாம் என்பது அப்பா வைத்த சட்டம். டெய்லரக்கா தலையாட்ட ஆரம்பித்ததிலிருந்து அந்தச் சட்டத்துக்கு வேலையே இல்லாமல் போயிருந்தது.

ஒயர் முந்தானைக்குள் மறைந்திருந்ததால் அவள் கண்ணாடியை யாரும் கவனிக்கவில்லை. வயதானால் கண்ணாடி போடுவதுதானே. மாப்பிள்ளையும் மகளும் பரிமாறினார்கள். சாப்பாட்டின் பாதியில் அண்ணன் தம்பியைப் பார்த்துப் பேசியது இவள் கண்ணுக்குள் ஓடியது: 'முன் ரூமை மருந்துக் கடைக்காரன் கேட்கிறான். அடுத்த மாசம் மிஷினை எல்லாம் எடுத்துடலாம்.'

அக்கா ஒத்துக்கிட்டாளா என்று தம்பி கேட்டான். அண்ணன் பதில் வந்தது: 'அவகிட்ட போன வருஷமே கேட்டாச்சு. தலையாட்டிட்டா.'

'அக்காவுக்கு சரின்னா எனக்கும் சரி' என்றான் தம்பி.

டெய்லரக்கா சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள். போன வருடம் இதே இடத்தில் அண்ணன் ஏதோ கேட்டார், ஞாபகம் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் சாப்பிடுகிறாயா என்று கேட்டதாக நினைத்து, சிரித்துத் தலையாட்டினாள். தன் கடையைத் தானே எழுதிக் கொடுத்திருக்கிறாள்!

அண்ணன் எழுந்து கை கழுவப் போனார். முதுகைக் காட்டியபடியே, சம்பிரதாயத்துக்குக் கேட்டார்: 'என்னம்மா, சரிதானே?' பழக்க தோஷத்தில் எல்லோரும் தலையாட்டலுக்காகக் காத்திருந்தார்கள்.

"சரியில்ல" என்றாள்.

கண்ணாடியில் ஒன்றும் ஓடவில்லை. சார்ஜ் போய்விட்டதோ என்று காம்பைத் தட்டிப் பார்த்தாள். பிறகுதான் புரிந்தது, யாரும் பேசவில்லை. அப்புறம் அண்ணி குனிந்து சொன்னது வந்தது: 'இவளுக்கு என்ன ஆச்சு.'

"எனக்கு ஒண்ணும் ஆகல அண்ணி. அந்த ரூமை நான் காலி பண்ணப் போறதில்ல."

அண்ணன் ஈரக் கையோடு திரும்பினார். போன வருடம் ஒத்துக்கொண்டதை நினைவூட்டினார்.

"போன வருஷம் நீங்க என்ன கேட்டீங்கன்னே எனக்குத் தெரியாதுண்ணா. எனக்குக் காது கேக்காது. ரொம்ப நாளா. இத்தன வருஷமும் நான் தலைதான் ஆட்டினேன். சம்மதம் சொல்லல."

தம்பி சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். தன் சம்மதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். அக்காவைச் சாக்குச் சொல்லித்தான் நானும் ஒத்துக்கொண்டேன் என்று தலைகுனிந்தான். அண்ணன் கெட்டவர் இல்லை, ஆனால் லேசில் எதையும் நம்புகிறவரும் இல்லை. கண்ணாடிக்குள் எழுத்து வருகிறதாம், கதை விடுகிறார்கள் என்றார். மாப்பிள்ளையின் திமிங்கலத்தையும் நினைவுபடுத்தினார். பிறகு துண்டால் வாயை மூடிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி ஏதோ முணுமுணுத்தார்.

எழுத்து மெதுவாக வந்தது: 'சின்ன வயசுல என் சைக்கிளை உடைச்சது இவதான்.'

"உடைச்சது தம்பி" என்றாள் டெய்லரக்கா. "அன்னிக்கும் என்னைக் கேக்காமலேதான் முடிவு பண்ணீங்க."

தம்பிக்குப் புரையேறியது. அண்ணி வாய்விட்டுச் சிரித்துவிட்டு, கணவரைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அண்ணன் துண்டை இறக்கினார். தங்கையின் முகத்தை இவ்வளவு நேரம் அவர் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும். நாற்காலியை இழுத்து அவளுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக, தெருவுக்கே கேட்கும்படி, கடை இருக்கட்டும், வேறு என்னவெல்லாம் உன்னைக் கேட்காமல் செய்தோம் என்று சொல், என்றார்.

டெய்லரக்கா கண்ணாடியை மூக்கில் சரியாக ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"சொல்றேன், நிறைய இருக்கு. ஆனா நீங்க கத்த வேணாம்ணா. எப்பவும்போல வேகமாவே பேசுங்க. நான் படிச்சுக்கிறேன்."